ஒரு பிள்ளைக்கு ஒரு பாத்தி

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு சிறுவர் இல்லத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். உழைப்பைப் பற்றிப் புத்தி சொல்லிப் பயனில்லை. ஒரு பாத்தி கொடுங்கள்.

நாலடி நீளம், மூன்றடி அகலம் போதும். ஓரத்தில் பிள்ளையின் பெயர் எழுதிய பலகை கட்டாயம் வேண்டும். உடுப்பு, கட்டில், கொப்பி எல்லாமே யாரோ தந்தவையாக இருக்கும் பிள்ளைக்கு, ‘இது என்னுடையது’ என்று சொல்ல ஓர் இடம் கிடைக்கிறது.

முதலில் முளைக்கீரை போடுங்கள். மூன்று நாலு கிழமையில் பறிக்கலாம். கச்சான், அதாவது நிலக்கடலை, மூன்று மாதத்துக்கு மேல் எடுக்கும்; அதைப் பிறகு பார்க்கலாம். எங்கள் கடற்கரை மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. மாட்டெரு நன்றாகக் கலந்து, காலையும் மாலையும் பூவாளியால் ஊற்ற வேண்டும். மார்கழி மழை விதையைக் கழுவிக்கொண்டு போய்விடும், தை கழிந்து தொடங்குங்கள்.

ஒரு பிள்ளை நாலு நாள் தண்ணீர் விடவில்லை. கீரை வாடிச் செத்தது. இரவில் நானே ஊற்றிவிடலாமா என்று மனம் கிடந்து அடித்தது. ஊற்றவில்லை. ஐந்தாம் நாள் அவனே வந்து, “அன்ரி, திரும்ப விதை தருவீங்களா?” என்றான். ஏச வேண்டாம். விதையை மட்டும் கொடுங்கள்.

குழப்படிக்குத் தண்டனையாக மண்வெட்டியைக் கொடுக்கவே கூடாது. அப்புறம் வேலை என்றாலே அவமானம் என்று ஆகிவிடும்.

பறித்த கீரையை அன்றைக்கே சமையுங்கள். பரிமாறும்போது, இது யாருடைய பாத்திக் கீரை என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.