ஸ்க்ரூவைச் சுத்தியலால் அடிக்காதீர்கள்: கைக்கருவிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டறைக்கு வேலை பழக வரும் பையன்களும், ஞாயிற்றுக்கிழமையில் தங்கள் வீட்டு மர வேலையைத் தாங்களே செய்து பார்க்கும் நண்பர்களும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். நான் பழகிய காலத்தில் சறுக்கிய அதே இடங்கள். விரலில் அடித்துக்கொள்வது, அளவெடுக்காமல் அறுப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை அந்த நிமிடமே வலித்து, அந்த நிமிடமே புத்தி சொல்லிவிடும். செய்யும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிந்து, சில மாதம் கழித்துக் காலை வாரும் தவறுகளைத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

சுத்தியலைக் கழுத்தில் பிடிப்பது

தலைக்குப் பக்கத்தில் பிடித்தால் வீச்சு வராது, அடி கோணலாக விழும், ஆணி வளையும். ஆணி தானாக நிற்கும்வரை மெதுவாக இரண்டு தட்டு. அப்புறம் கைப்பிடியின் கடைசிப் பக்கத்தைப் பிடித்து வீசுங்கள். வீட்டு வேலைக்கு 500 கிராம் சுத்தியல் தாராளம்.

ஸ்க்ரூவைச் சுத்தியலால் இறக்குவது

இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. முக்கால்வாசி ஸ்க்ரூவை ஆணி மாதிரி அடித்து இறக்கிவிட்டு, கடைசியில் இரண்டு சுற்று மட்டும் திருப்பி முடித்துவிடுவார்கள். தலை பலகையோடு சமமாக உட்கார்ந்திருக்கும், பார்க்கிற யாருக்கும் சந்தேகம் வராது. “எல்லாரும் இப்படித்தாண்ணே போடுறாங்க” என்று பையன்கள் சொல்வது உண்மைதான். வேங்கை மாதிரி இறுகின மரத்தில் கையால் திருப்பினால் மணிக்கட்டு விட்டுப்போகும். கதவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டால் அவசரமும் சேர்ந்துகொள்ளும். பேட்டரி டிரில் கையில் இருக்கும் இந்தக் காலத்தில் அந்தச் சாக்கும் செல்லாது.

ஒரு வீட்டில் தலைவாசல் கதவு தரையில் உரசுகிறது, அடியில் கொஞ்சம் இழைத்துக் கொடுங்கள் என்று கூப்பிட்டார்கள். நல்ல தேக்குக் கதவு, வேங்கை நிலை. மழைக்கு மரம் ஊதியிருக்கிறது என்று சொல்லி, முன்பு வந்தவர் ஏற்கெனவே ஒரு முறை இழைத்துவிட்டுப் போயிருந்தார். நான் மேல் கீலைப் பார்த்தேன். நிலையிலிருந்து ஒரு தீக்குச்சி கனம் விலகி நின்றது. ஸ்க்ரூடிரைவரே தேவைப்படவில்லை, நகத்தால் நெம்பியதும் ஸ்க்ரூ கையோடு வந்துவிட்டது. மரையில் ஒரு துணுக்கு மரம்கூட ஒட்டவில்லை. டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தால் உள்சுவர் வழவழவென்று இருந்தது. நார்கள் எல்லாம் நசுங்கி உள்பக்கமாக மடங்கிக் கிடந்தன.

ஸ்க்ரூவைத் திருப்பி இறக்கும்போது அதன் மரை, நார்களுக்கு நடுவே தனக்கென்று ஒரு தடம் வெட்டிக்கொண்டு போகிறது. அந்தத் தடம்தான் பிடிமானம். அடித்து இறக்கினால் மரை அந்த நார்களைக் கிழித்துக்கொண்டு நேராக இறங்கும். கடைசி இரண்டு சுற்றுக்கு மட்டும் பிடிக்கும். கதவின் எடை மேல் கீலை வெளியே இழுக்கும், கீழ்க் கீலை உள்ளே தள்ளும். அதனால் முதலில் கைவிடுவது எப்போதும் மேல் கீல்தான். அந்த வீட்டில் இழைக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல தேக்கு அநியாயமாகச் சீவப்பட்டு, கீழே நிரந்தரமாக ஓர் இடைவெளி விழுந்ததுதான் மிச்சம்.

சரியான வழி இதுதான். 8 நம்பர் (நம்பர் என்பது ஸ்க்ரூவின் கனம்) ஸ்க்ரூவுக்குத் தேக்கு, வேங்கை என்றால் 3 மில்லிமீட்டர் டிரில் பிட், மெது மரம் என்றால் 2.5. ஸ்க்ரூ எவ்வளவு ஆழம் இறங்குமோ அவ்வளவுக்கு ஓட்டை போடுங்கள். மரையில் கொஞ்சம் மெழுகுவர்த்தி தேயுங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுத்துத் துருவைக் கொண்டுவரும். பித்தளை ஸ்க்ரூ என்றால் முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை இறக்கித் தடம் போட்டுக் கழற்றிவிட்டு, அப்புறம் பித்தளையைப் போடுங்கள். நேராக முறுக்கினால் தலை துண்டாகிக் கையோடு வந்துவிடும்.

ஏற்கெனவே கெட்டுப்போன ஓட்டையைத் தீக்குச்சி திணித்துச் சமாளிப்பது கொஞ்ச நாளைக்குத்தான். ஓட்டையைப் பெரிதாக்கி, அதே ஜாதி மரத்தில் ஒரு முளை சீவி, ஃபெவிகால் தடவி அடித்து, ஒரு இரவு காயவிட்டுப் புதிதாக ஓட்டை போடுங்கள். இது நிற்கும்.

புது வீட்டில் குடிபோகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். கீல்களில் உள்ள ஸ்க்ரூத் தலைகளை உற்றுப் பாருங்கள். காடி நசுங்கியோ, தலை ஒருபக்கம் சாய்ந்தோ இருந்தால் அது சுத்தியல் பட்ட ஸ்க்ரூ. தச்சர் அங்கே இருக்கும்போதே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு அலமாரி என்றால் இன்னும் கவனம் வேண்டும். பார்ட்டிகிள் போர்டில் ஒரு முறை பொடிந்தால் பொடிந்ததுதான்.

ஸ்டார் தலையில் பொருந்தாத பிட்

ஸ்டார் என்றால் தலையில் கூட்டல் குறி வெட்டு உள்ள ஸ்க்ரூ. அதைத் திருகும் பிட்டிலேயே பிஹெச் (ஃபிலிப்ஸ்) 1, 2, 3 என்று அளவு பொறித்திருக்கும். 6, 8 நம்பர் ஸ்க்ரூவுக்கு 2. சின்ன பிட்டைப் போட்டுத் திருகினால் துள்ளித் துள்ளி வெளியே வந்து தலையை உருண்டையாக்கிவிடும். அப்புறம் அது உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. திருகும்போது ஸ்க்ரூவுக்கு நேர் பின்னாலிருந்து உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்துங்கள்.

பலகை ஓரத்தில் ஆணி

ஆணியின் கூரை ஒரு தட்டுத் தட்டி மழுங்கடித்துவிட்டு அடியுங்கள். கூர் நாரைப் பிளக்கும், மழுங்கிய முனை நாரை அறுத்துக்கொண்டு போகும். ஒரே நாரோட்டத்தில் வரிசையாக ஆணி வேண்டாம், கொஞ்சம் முன்னே பின்னே வையுங்கள்.

உளியால் பெயிண்ட் டப்பா திறப்பது

கூடாது.

கட்டிங் பிளேயரால் நட்டுத் திருகுவது

நட்டின் முனை மழுங்கும். ஸ்பேனர் வாங்குங்கள்.

ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே ஆணி

ஒயர் குழாய் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் இறங்கும். படம் மாட்ட வேறு இடம் பாருங்கள்.