நாடகம் வளர்ந்த வரிசையிலேயே நாடகம் போடப் பழகுங்கள்

முதல்முறை நாடகம் போடுகிறவர்கள் பெரும்பாலும் படுதா, விளக்கு, உடை என்றுதான் தொடங்குகிறார்கள். நாடகக் கலை வளர்ந்ததோ நேர்மாறான வரிசையில். அதே வரிசையில் ஒத்திகை பார்த்தால், எந்தக் கூறு எதற்காக வந்தது என்பது தானாகப் பிடிபடும்.

15 நிமிட நாடகம், மூன்று நடிகர்கள், ஒரே இடம். தொடங்க இது போதும். பிரதியைச் சத்தமாகப் படித்து நேரம் பாருங்கள். 12 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். மீதி நேரத்தை நடமாட்டமும் மௌனமும் எடுத்துக்கொள்ளும்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் துன்பியல் நாடகத்துக்கு ஆறு கூறுகள் சொன்னார்: கதைப்பின்னல், பாத்திரம், கருத்து, சொல்நடை, இசை, காட்சி (மேடையில் கண்ணுக்குத் தெரியும் அலங்காரம்). கதைப்பின்னலுக்குத்தான் முதலிடம் கொடுத்தார். கைச்செலவு இடித்தால் காட்சி அலங்காரத்தில் குறையுங்கள், கதையில் கைவைக்காதீர்கள்.

கிரேக்கத்தில் முதலில் இருந்தது பாடி ஆடும் குழு. அதிலிருந்து தனியே நின்று பேசிய முதல் நடிகர் தெஸ்பிஸ் என்பது மரபு. ஆகவே முதல் ஒத்திகையில் ஒரே நடிகர் முழுக் கதையையும் மூன்று நிமிடத்தில் சொல்லட்டும். எங்கே தடுமாறுகிறாரோ, அங்கே கதையில் ஓட்டை இருக்கிறது.

இரண்டாம் நடிகரைக் கொண்டுவந்தவர் கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸ். நேருக்கு நேர் மோதல் அப்போதுதான் சாத்தியமாயிற்று. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: யாருக்கு என்ன வேண்டும், யார் மறிக்கிறார்? இந்த வரியை எழுத முடியாத காட்சியை எடுத்துவிடலாம். அதில் வசனம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. மூன்றாம் நடிகர் இன்னொரு கிரேக்க நாடகாசிரியரான சோஃபக்ளிஸின் கொடை. மூன்றாமவர் உள்ளே வந்ததும் மற்ற இருவரின் பேச்சு மாற வேண்டும்; மாறவில்லையென்றால் அந்தப் பாத்திரம் தேவையில்லை.

அடுத்தது மேடை. மேடையின் அளவைத் தரையில் நாடா ஒட்டிக் குறித்து, அதை ஒன்பது கட்டங்களாகப் பிரியுங்கள். வலம், இடம் இரண்டும் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகருடையவை. இதை முதல் நாளே சொல்லாவிட்டால் ஒத்திகையில் பாதி நேரம் குழப்பத்தில் போகும். நடிகர்கள் வரிசைகட்டி நிற்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. யாரைப் பார்ப்பது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஒருவரைப் பின்னால் தள்ளி முக்கோணமாக நிறுத்துங்கள். பேசும்போது முழுப் பக்கவாட்டில் திரும்பினால் முகம் பாதிதான் தெரியும். உடலைக் கால்வாசி பார்வையாளர் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.

குரலில் ஒரு விஷயத்தை விடாமல் கவனியுங்கள். தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில் வருகிறது. “நான் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன்” என்பதில் கடைசிச் சொல் தேய்ந்தால், போகிறாரா இருக்கிறாரா என்பதே தெரியாமல் போகும். மூச்சு வரியின் நடுவில் தீர்ந்துவிடுவதே காரணம். “இந்த” என்பதற்கு முன் சிறு மூச்சு எடுக்கச் சொல்லி, ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, கேட்ட கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

ஒளி கடைசியில் வரட்டும். கிரேக்கர்கள் பகல் வெளிச்சத்தில் நடித்தார்கள். பிற்பாடு மெழுகுவத்தி, எண்ணெய் விளக்கு, எரிவாயு என்று மாறி, 1881இல் லண்டன் சவாய் அரங்கில் மின்விளக்கு வந்தது. உங்களுக்கு முன்பக்கம் இரண்டு விளக்குகள் போதும்: நடிகருக்கு இடமும் வலமுமாக, சுமார் 45 பாகை உயரத்தில். நேர் உச்சியில் வைத்தால் கண்குழியில் நிழல் விழும். நேர் எதிரே வைத்தால் முகம் தட்டையாகும்.

அரங்கேற்றத்துக்கு முந்தைய நாள் வசனத்தை விட்டுவிட்டு, விளக்கும் ஒலியும் மாறும் இடங்களை மட்டும் வரிசையாக ஓட்டுங்கள். ஒவ்வொரு மாற்றமும் எந்தச் சொல்லில் வருகிறது என்பதை விளக்கு இயக்குபவர் தன் பிரதியில் பென்சிலால் அடிக்கோடிடட்டும்.