மின்னஞ்சல் சர்வர் ஓப்பன் ரிலேயாக இருக்கிறதா என்று சோதிக்கும் முறை

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவற்றுக்கு முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். முன்னால் நுழைந்த முகம் தெரியாத ஒருவர், வளவில் இருப்பவர் எவரும் கேட்காத நிலையில் பின்வாசல் வழியாக வெளியேறினால், அடுத்த தெருக்காரர்கள் அவரை அந்த வீட்டு ஆளாகவே எண்ணுவார்கள். ஓப்பன் ரிலேயும் இப்படித்தான்: அனுப்புநரும் பெறுநரும் நம் டொமைனைச் சேராத ஓர் அஞ்சலை, கடவுச்சொல் எதுவும் கேட்காமல் வாங்கி வெளியே அனுப்பிவைக்கும் சர்வர் அது. குப்பை அஞ்சல் அனுப்புவோர் அதைப் பயன்படுத்தினால், கெட்ட பெயர் நம் ஐபி முகவரிக்கு வரும். தடைப்பட்டியலில் ஏறிவிட்டால் நம்முடைய நல்ல அஞ்சலும் திரும்பிவிடும். ஒரு காலத்தில் பெரும்பாலான சர்வர்கள் இப்படித்தான் இயங்கின. சென்ட்மெயில் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருள் தன் 8.9 பதிப்பில், 1998-இல்தான், ரிலேயை இயல்பாகவே மூடிவைத்தது.

உங்கள் பொறுப்பில் உள்ள சர்வரை மட்டுமே சோதியுங்கள். எங்கிருந்து சோதிக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. அலுவலக நெட்வொர்க்குக்குள் இருந்து சோதித்தால், உள்ளூர் முகவரிகளைச் சர்வர் நம்புவதால், ஒழுங்கான சர்வரும் திறந்திருப்பதாகத் தோன்றும். காரைக்குடியில் வீட்டு பிராட்பேண்டிலிருந்து முயன்றால், சர்வர்கள் அஞ்சல் வாங்கும் வாயிலான 25-ஆம் போர்ட்டை இணைய நிறுவனமே அடைத்திருக்கக்கூடும். இணைப்பு கிடைக்காததைப் பார்த்து, சர்வர் பாதுகாப்பாக இருக்கிறது என்று பலர் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். ஆகவே 25-ஆம் போர்ட் வெளிநோக்கித் திறந்திருக்கும் வாடகை சர்வர் ஒன்றிலிருந்து சோதிப்பதே சரி.

அங்கிருந்து, இன்னொரு கணினியோடு நேரடியாகத் தட்டச்சில் பேச உதவும் டெல்நெட் கட்டளையில் சர்வரின் பெயரையும் 25 என்ற எண்ணையும் கொடுத்தால், 220 என்று தொடங்கும் வரவேற்பு வரி வரும். ‘ஈஎச்எல்ஓ’ சொல்லி அறிமுகமானபின், ‘மெயில் ஃப்ரம்’ வரியில் உங்களுடைய வெளி முகவரி ஒன்றைக் கொடுங்கள். ‘ஆர்சிபிடி டூ’ வரியில் முதலில் நம் டொமைனிலேயே உள்ள ஒரு முகவரியைக் கொடுத்து, ஏற்பைக் குறிக்கும் 250 வருகிறதா என்று பாருங்கள். இது இணைப்பு சரியாக இருக்கிறது என்பதற்கான சான்று. பிறகு ‘ஆர்செட்’ கொடுத்து முந்தையதை அழித்துவிட்டு, ‘மெயில் ஃப்ரம்’ வரியை மீண்டும் கொடுத்து, இம்முறை பெறுநராகவும் உங்களுடைய இன்னொரு வெளி முகவரியைக் கொடுங்கள்.

550 அல்லது 554 வந்து, உடன் ‘ரிலே ஆக்சஸ் டினைடு’ போன்ற வாசகமும் இருந்தால் கதவு மூடியிருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளின் புதிய பதிப்பு 454 என்று தற்காலிக மறுப்பாகச் சொல்வதுண்டு, அதுவும் மறுப்புதான். எண்ணை மட்டும் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். சோதிக்கும் ஐபி தடைப்பட்டியலில் இருப்பதாலும் 554 வரலாம், அது ரிலே பற்றிய பதில் அல்ல. 250 வந்தாலும் அங்கேயே நிறுத்தாமல், ‘டேட்டா’ கொடுத்து, இரண்டு வரி எழுதி, தனிப்புள்ளி வைத்து முடித்து, அஞ்சல் உண்மையிலேயே வந்து சேர்கிறதா என்று ஸ்பேம் பெட்டி உட்படப் பாருங்கள். சில சர்வர்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பிறகே நிராகரிக்கும்.

ஒரே சோதனையோடு விட்டுவிடக் கூடாது. அனுப்புநராக நம் டொமைன் முகவரியைக் கொடுத்தும், அனுப்புநர் இடத்தை வெறும் கோண அடைப்பாக விட்டும், பெறுநர் முகவரியில் அட் குறிக்குப் பதில் சதவீதக் குறியிட்டுப் பின்னால் நம் டொமைனைச் சேர்த்தும் முயலுங்கள். இவற்றுள் முதலாவதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். அனுப்புநர் பெயரை நம்பிக் கதவைத் திறக்கும் சர்வரை யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம்.

ஆத்தங்குடிக் கல் விற்கும் ஓர் அலுவலகத்தின் சர்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு காலையில், அனுப்பக் காத்திருக்கும் அஞ்சல்களைக் காட்டும் மெயில்க்யூ பட்டியல் திரையில் நிற்காமல் ஓடியது. போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பில் ஒரு குறையும் தென்படவில்லை. சர்வரின் பதிவேடான லாகை விரித்தபோதுதான், வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு இணைப்புக்கும் எதிரே 192.168.1.1 என்ற ஒரே முகவரி பதிவாகியிருந்தது தெரிந்தது. முந்தைய நாள் நான் மாற்றிவைத்த ரவுட்டர், வெளியாரின் முகவரியை மறைத்துத் தன் முகவரியையே காட்டியிருக்கிறது. சர்வர் நம்பும் முகவரிகளைக் கொண்ட ‘மைநெட்வொர்க்ஸ்’ பட்டியலோ அந்த வரம்பு முழுவதையும் வீட்டு மனிதர்களாக ஏற்றிருந்தது. ஆகவே சோதனையின்போது லாகையும் திறந்துவைத்து, உங்கள் வாடகை சர்வரின் ஐபிதான் அங்கே பதிவாகிறதா என்று பாருங்கள்.

ரிலே திறந்திருந்தால், முதலில் 25-ஆம் போர்ட்டை வெளியிலிருந்து அடைத்து, வரிசையில் தேங்கிய அஞ்சலை நிறுத்திவையுங்கள். பிறகு ‘மைநெட்வொர்க்ஸ்’ பட்டியலைத் தேவையான முகவரிகளுக்கு மட்டும் சுருக்கி, ரிலே கட்டுப்பாட்டு வரியில், நம்முடையதல்லாத டொமைனுக்கான அஞ்சலை மறுக்கும் ‘ரிஜெக்ட் அன்ஆத் டெஸ்டினேஷன்’ இருப்பதை உறுதிசெய்து, வெளியாரின் முகவரியை ரவுட்டர் மறைப்பதையும் நிறுத்துங்கள். போர்ட்டைத் திறந்தபின் வெளியிலிருந்து எல்லாச் சோதனைகளையும் மீண்டும் செய்யுங்கள். கடைசியாக, தேவகோட்டையிலோ கண்டனூரிலோ இருக்கும் அலுவலக ஆள் ஒருவரைக் கைபேசியிலிருந்து, பயனர்கள் அஞ்சல் அனுப்புவதற்கான 587-ஆம் போர்ட் வழியாகக் கடவுச்சொல்லுடன் ஓர் அஞ்சலை வெளி முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள்; அது போய்ச் சேர வேண்டும்.