டிபன் பாக்ஸிலிருந்து மூன்று வரி: பிள்ளை வளர்ப்பைக் குறுங்கவிதையாக எழுதிப் பழக

குழந்தையைப் பற்றிக் கவிதை எழுத உட்கார்ந்தால் முதலில் ஓடிவருபவை ‘செல்லமே’, ‘மழலை’, ‘என் உலகமே நீ’. மூன்றையும் வாழ்த்து அட்டைக்காரர்களுக்கு விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது இன்று வீட்டில் நடந்த ஏதாவது ஒன்று. யாப்பு தெரியாதவர்களும் தாராளமாக வரலாம்.

படி 1: நடந்த சூட்டிலேயே குறித்து வையுங்கள்

கவிதையாக வேண்டாம், போனில் ஒரு வரி போதும். ‘மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை’ என்று எழுதினால் பிறகு உதவாது. ‘டிபன் பாக்ஸில் இட்லி அப்படியே இருக்கு, கூடவே புளியங்கொட்டை’ என்று எழுதுங்கள். பிள்ளை பேசியதைப் பேசியபடியே எழுத வேண்டும். ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், நம் ஞாபகம் அந்தப் பேச்சுக்கு இலக்கணம் பார்த்துத் திருத்திவிடும்.

படி 2: வினைச்சொல்லைப் பிடியுங்கள்

இதற்குப் புறநானூற்றின் 188ஆம் பாட்டைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பாடியவர் பாண்டியன் அறிவுடை நம்பி. மொத்தம் ஏழே அடி. சாப்பிடும் இடத்துக்குக் குழந்தை வருகிறது: ‘குறுகுறு நடந்து சிறுகை நீட்டி, இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்’. நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் சிதறிக்கொள்கிறது. அழகு, அன்பு என்ற சொற்களே பாட்டில் இல்லை. நடந்து, நீட்டி, இட்டு, தொட்டு, கவ்வி, துழந்து என்று அடுக்கடுக்காக வினைகள். பாத்திரம் கழுவப்போகிறவரின் பெருமூச்சுகூட எனக்குக் கேட்கிறது. (பிள்ளை இல்லாதவர் வாழ்வில் பயனில்லை என்று பாட்டு முடிவதில் எனக்கு உடன்பாடில்லை. அது வேறு பேச்சு.)

படி 3: உணர்ச்சியின் பெயரை எடுத்துவிடுங்கள்

நம் இட்லிக் குறிப்பு முதல் வரைவில் இப்படி வரலாம்:

உன் குறும்புகளைக் கண்டு
கோபம் வந்தாலும்
என் உள்ளம் உருகுதடி மகளே

யார் வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்தும், அதுதான் சிக்கல். என்ன குறும்பு? கோபம் வந்தபோது கை என்ன செய்துகொண்டிருந்தது? பதிலை மட்டும் எழுதுவோம்:

டிபன் பாக்ஸில் சில புளியங்கொட்டைகள்
இட்லி அப்படியே இருக்கிறது
திட்டப் போகிறேன்

பரவாயில்லை. ஆனால் புளியங்கொட்டை முதல் வரியிலேயே வந்துவிட்டதால் மீதி இரண்டு வரிக்கு வேலையில்லை. அதைக் கடைசிக்குத் தள்ளுவோம். ‘சில’ என்பதையும் மாற்றுவோம். எண்ணிச் சொன்னால், அவள் மரத்தடியில் உட்கார்ந்து பொறுக்கியது தெரியும்.

திட்டிக்கொண்டே திறந்த டிபன் பாக்ஸ்
தொடாத இட்லி
கூடவே ஏழு புளியங்கொட்டை

கோபம் ‘திட்டிக்கொண்டே’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. உருகுவதும் உருகாததும் வாசிப்பவர் பாடு.

படி 4: வரியை உடைப்பது

ஒரு மூச்சில் சொல்லக்கூடியது ஒரு வரி. ஹைக்கூ என்ற ஜப்பானியக் குறுங்கவிதைக்குச் சொல்லப்படும் 5-7-5 அசைக் கணக்கைப் பற்றிக் கவலை வேண்டாம், அது ஜப்பானிய மொழியின் ஒலிக்கணக்கு. 1916லேயே பாரதி ‘சுதேசமித்திரன்’ இதழில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். பின்னால் தமிழில் ஹைக்கூ எழுத வந்தவர்கள் பெரும்பாலும் மூன்று வரியை வைத்துக்கொண்டு அசை எண்ணுவதை விட்டுவிட்டார்கள். நாமும் விடலாம்.

படி 5: பேச்சே கவிதையாகும் நேரம்

சில நாள் பிள்ளையே பாதி எழுதித் தந்துவிடும்.

“அம்மா, தூங்கிட்டியா?”
“இல்லடி.”
தூங்கிவிட்டாள்

இங்கே ‘நிம்மதியாக’ என்று ஒரு சொல் சேர்த்துப் பாருங்கள், கவிதை போய்விடும். கடைசி வரியில் கை அரிப்பது எல்லோருக்கும் உண்டு. அடக்கிக்கொள்ளுங்கள்.

படி 6: வெளியே காட்டும் முன்

வாய்விட்டுப் படித்து, நாக்கு இடறும் சொல்லை மாற்றுங்கள். பிள்ளையின் பெயர், பள்ளி இரண்டும் வேண்டாம். படுக்கை நனைத்தது, மார்க் குறைந்தது மாதிரியானவை உங்கள் நோட்டோடு இருக்கட்டும். விவரம் தெரிந்த பிள்ளையென்றால் முதலில் அதனிடமே படித்துக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இன்றைக்கே எழுதிப் பார்க்க மூன்று இடங்கள்: மருந்து கொடுக்கும் ஸ்பூன், ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும்போது தேடும் ஒற்றை சாக்ஸ், வீட்டு ஓனர் பார்க்காத சுவரில் இருக்கும் கிரேயான் கிறுக்கல். மூன்றாவது வரியில் உங்களுக்குப் பிடித்த பொருளை வைத்துத் தொடங்குங்கள். முதல் வரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.