சோர்வைக் கணக்கிட்டு வலிமையை வளர்ப்பது எப்படி? ஸ்குவாட் பயில்வோருக்கான செய்முறை

பார்பெல்லை (இரு முனையிலும் எடை மாட்டும் நீண்ட கம்பி) தோளில் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சியைத் தொடங்கிய முதல் சில மாதங்களில், ஒவ்வொரு முறையும் இரு பக்கமும் ஒன்றேகால் கிலோ பிளேட்டை மாட்டி எடையைக் கூட்டிக்கொண்டே போகலாம். பிறகு ஒரு நாள், போன வாரம் சிரமமின்றி எழுந்த அதே எடை கீழே அமுக்கிவிடும். வலிமை போய்விட்டது என்று பதறி, அடுத்த முறை இரண்டு செட் (இடையில் ஓய்வின்றிச் செய்யும் ஒரு தொகுதி) கூடுதலாகச் செய்பவர்களை ஜிம்மில் நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த நேரத்தில் செய்யக்கூடாத காரியம் அதுதான், ஏனெனில் பெரும்பாலும் வலிமை அப்படியே இருக்கிறது. சேர்ந்துபோன சோர்வு அதை வெளியே தெரியவிடாமல் மறைக்கிறது.

இதற்கு எளிய விளக்கம் ஒன்று உண்டு. 1970-களில் எரிக் பானிஸ்டரும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் முன்வைத்த கணித மாதிரியின்படி, ஒவ்வொரு பயிற்சியும் உடலில் இரண்டு விளைவுகளை விட்டுச்செல்கிறது. ஒன்று திறன், அது மெல்லச் சேர்ந்து நெடுநாள் நிற்கும். மற்றது சோர்வு, அது முதலில் பெரிதாக இருந்து விரைவில் வடியும். இன்று நீங்கள் தூக்கும் எடை, இவ்விரண்டுக்கும் இடையிலான வித்தியாசமே. கீழே உள்ள படிகள் அந்த வித்தியாசத்தைக் கையாள்வதற்கானவை.

முதல் படி: நோட்டில் மூன்று எண்கள்

எடை, ரெப் (ஒரு முறை இறங்கி எழுவது ஒரு ரெப்), மிச்சம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். மிச்சம் என்பது, செட்டை முடித்த இடத்திலிருந்து இன்னும் எத்தனை ரெப் முறையாகச் செய்திருக்க முடியும் என்ற மதிப்பீடு. 100 கிலோவில் 5 ரெப் செய்து இன்னும் 2 முடியும் என்றால், ‘100 × 5, மிச்சம் 2’ என்று எழுத வேண்டும்.

இதிலிருந்து அன்றைய உச்ச வலிமையை, அதாவது ஒரே ஒரு ரெப் செய்யக்கூடிய அதிகபட்ச எடையை, எப்லி சூத்திரத்தால் தோராயமாகக் கணக்கிடலாம். செய்த ரெப்பையும் மிச்சத்தையும் கூட்டி 30-ஆல் வகுத்து, அதனுடன் 1 சேர்த்து, எடையால் பெருக்க வேண்டும். மேலே சொன்ன செட்டுக்கு 7 ரெப் என்று கொண்டால் விடை ஏறத்தாழ 123 கிலோ. அடுத்த வாரம் அதே 100 கிலோவில் அதே 5 ரெப்பை மிச்சமே இல்லாமல் முடித்தால், விடை ஏறத்தாழ 117. எடையையும் ரெப்பையும் மட்டும் எழுதியிருந்தால் இரு வாரங்களும் ஒன்றுபோலத் தெரிந்திருக்கும். மூன்றாவது எண்ணே ஆறேழு கிலோ சரிவைக் காட்டிக்கொடுக்கிறது.

இரண்டாம் படி: மிச்சத்தை மதிப்பிடப் பழகுதல்

தொடக்கத்தில் இந்த மதிப்பீடு தவறத்தான் செய்யும். ஆகவே கைப்பேசியைப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வைத்து செட்டைப் பதிவு செய்து, எழும் வேகத்தைப் பாருங்கள். முதல் மூன்று ரெப்பும் ஒரே வேகத்தில் எழும். நான்காவதில், தொடை கிடைமட்டத்தைத் தாண்டிச் சற்று மேலே வந்த இடத்தில் பார் ஒரு கணம் தயங்கும். ஐந்தாவதில் அந்தத் தயக்கம் நீண்டு, முழங்கால்கள் உள்நோக்கிச் சாயத் தொடங்கினால், உங்களிடம் மிஞ்சியிருப்பது ஒரு ரெப்பாகவோ ஒன்றுமில்லாமலோ இருக்கும். எந்த நாளிலும் ரேக்கின் (பாரைத் தாங்கும் சட்டம்) பாதுகாப்புக் கம்பிகளைச் சரியான உயரத்தில் பொருத்தாமல் கனமான ஸ்குவாட்டில் இறங்காதீர்கள்.

மூன்றாம் படி: அன்றைய அளவை அன்றே முடிவு செய்தல்

நான் மிகவும் நம்பும் படி இது. ‘ஐந்து செட்’ என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, தூக்கம் கெட்ட நாளிலும் அதையே நிறைவேற்றுவதால் பயன் குறைவு. வார்ம் அப்பிலிருந்து படிப்படியாக ஏற்றி, 5 ரெப்பில் மிச்சம் 2 வருகிற எடையில் நிறுத்துங்கள். அது 100 கிலோ என்றால், 5 சதவீதம் குறைத்து 95 கிலோவில் மீண்டும் 5 ரெப் செய்யுங்கள். செட்டுகளுக்கு நடுவே மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓய்வு தேவை. முதலில் 95 கிலோவில் மிச்சம் 3 இருக்கும். ஒரு கட்டத்தில் அது 2 ஆகக் குறையும். 95 கிலோ, தொடக்கத்தில் 100 கிலோ கனத்த அளவுக்கு இப்போது கனக்கிறது என்று பொருள். அத்துடன் நிறுத்திவிட வேண்டும். நல்ல நாளில் நான்கு செட் கிடைக்கலாம், மோசமான நாளில் ஒன்றே கிடைக்கலாம். இரண்டுமே சரியான பயிற்சிதான்.

மேல் வரம்பு ஒன்றும் வேண்டும். சோவியத் பளுதூக்கும் பயிற்சியாளர் பிரிலெபின் வகுத்த அட்டவணை, உச்ச எடையில் 80 முதல் 90 சதவீதம் வரையிலான எடைகளுக்கு ஓர் அமர்வில் மொத்தம் 10 முதல் 20 ரெப் என்கிறது. அது ஒலிம்பிக் பளுதூக்குதலுக்காக உருவானது என்றாலும், ஸ்குவாட்டுக்கும் நல்ல வழிகாட்டி. டெட்லிஃப்டில் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிரும் பயிற்சி) இன்னும் சிக்கனமாக இருப்பது என் வழக்கம்.

நான்காம் படி: சோர்வை வடியவிடுதல்

ஒரு நாள் சரிவைப் பொருட்படுத்த வேண்டாம். கணக்கிட்ட உச்ச வலிமை தொடர்ந்து இரண்டு மூன்று அமர்வுகளில் இறங்கி, உறக்கமும் பசியும் கெட்டிருந்தால், ஒரு வாரம் செட் எண்ணிக்கையைப் பாதியாக்கி, எடையையும் பத்து சதவீதம் குறையுங்கள். இதை ஜிம்களில் டீலோட் என்பார்கள். ஒரு வாரத்தில் வலிமை கரைந்துவிடாது. கூர்மையான மூட்டுவலியோ, பயிற்சிக்குப் பின் சிறுநீர் கரும்பழுப்பாக மாறுவதோ சோர்வின் கணக்கில் சேராதவை. அவற்றுக்கு மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: உச்ச எடையைச் சோதிக்கும் நாள்

சோதனைக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் முன்பே செட்டுகளைப் பாதியளவு குறைத்துவிடுங்கள். ஆனால் பாரில் உள்ள எடையைப் பெரிதும் குறைக்காதீர்கள், கனமான எடையில் உடல் பெற்ற பழக்கம் விட்டுப்போகக் கூடாது. கடைசிக் கனமான ஸ்குவாட்டை நான்கைந்து நாள் முன்னதாக முடித்துக்கொள்ளலாம். சோதனை நாளில் நோட்டில் உள்ள கணக்கின் 90 சதவீதத்தில் ஒரு ரெப் செய்து, அது தயங்காமல் எழுந்தால் 97 சதவீதத்துக்கும், அதுவும் தெளிவாக எழுந்தால் 100 சதவீதத்துக்கு மேலும் ஏற்றுங்கள்.