முன் சக்கரம் இழுக்கவில்லையா? டிரான்ஸ்பர் கேஸை இறக்கும் முன் இதைப் பாருங்கள்

போன ஐப்பசியில் மாக்கம்பாளையத்திலிருந்து குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு கடம்பூருக்குத் திரும்பும்போது, சர்க்கரைப்பள்ளத்தில் வண்டி நின்றுவிட்டது. தண்ணீர் முழங்கால் அளவுதான். ஃபோர் வீல் லீவர் போட்டிருக்கிறேன், டேஷ்போர்டில் விளக்கும் எரிகிறது. ஆனால் பின் சக்கரம்தான் கூழாங்கல்லை வாரி இறைக்கிறது. முன் சக்கரம் அசையவே இல்லை. பின்னால் வந்த டிராக்டர்க்காரர் கயிறு கட்டி இழுத்துவிட்டார்.

அடுத்த நாள் சத்தியமங்கலத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "டிரான்ஸ்பர் கேஸை இறக்கணும்" என்றார்கள். கியர் பெட்டியிலிருந்து வரும் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. மனசு கேட்கவில்லை. லாரி பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்த பெரியப்பாவுக்குப் போன் செய்தேன்.

"ஏங்கண்ணு, பொட்டியக் கழட்டறதுக்கு முன்னாடி சக்கரத்தைக் கையில சுத்திப் பாத்தியா?"

"இல்லீங் பெரியப்பா."

"அப்ப அதைய மொதல்ல பாரு."

அவர் சொல்லிக்கொடுத்து நான் வீட்டு வாசலில் செய்த வேலையைத்தான் எழுதுகிறேன். லீவரும், முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு சேர்க்கவும் விடவும் கையால் திருகும் பிரீவீல் ஹப்பும் உள்ள பழைய ஜீப், பிக்கப் வகை வண்டிகளுக்கு இது பொருந்தும். பட்டன் போட்டால் மோட்டார் மாற்றுகிற வண்டிகளின் சங்கதி வேறு.

லீவரைப் போட்டால் டிரான்ஸ்பர் கேஸ் முன் ஷாப்டைப் பின் ஷாப்டோடு பூட்டுகிறது. முன் ஷாப்ட், முன் அச்சுக் கூடான ஹவுசிங்கில் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரங்களைச் சுற்றுகிறது. அங்கிருந்து ஆக்ஸில், கடைசியில் ஹப். இந்த வழியில் இழுவை எங்கே அறுந்துபோகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும். எங்கள் வண்டியில் டேஷ்போர்டு விளக்கின் சுவிட்ச் டிரான்ஸ்பர் கேஸில் இருக்கிறது. லீவர் விழுந்ததை மட்டும்தான் அது சொல்லும். ஹப் பிடித்ததா என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஹவுசிங்கில், இழுவையை இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரிக்கிற டிஃபரன்ஷியல் சாதா வகையாக இருந்தால், ஒரு பக்க ஹப் பிடிக்காவிட்டாலே போதும், மொத்த இழுவையும் அந்தப் பக்கமாக ஓடிப்போய்விடும். நல்ல ஹப் இருக்கிற சக்கரமும் நின்றுவிடும். இரண்டு முன் சக்கரமும் சும்மா நிற்கிறதே, பெட்டிதான் போச்சு என்று பலர் முடிவுகட்டுவது இதனால்தான்.

முதலில் சமதரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கியரில் நிற்கிறதே என்று நம்ப வேண்டாம். டிரான்ஸ்பர் லீவர் நியூட்ரலில் இருந்தால் கியரில் இருந்தாலும் வண்டி உருளும். இரண்டு ஹப்பையும் ஃப்ரீயில் வைத்து, கீழே படுத்து முன் ஷாப்டைக் கையால் சுற்றுங்கள். லீவர் டூ வீலில் இருக்கும்போது சற்றுக் கனமாகச் சுற்ற வேண்டும். பிறகு ஃபோர் வீல் ஹையில் போடச் சொல்லுங்கள். நான் என் மகளை உள்ளே உட்கார வைத்தேன். லீவர் விழாமல் முரண்டு பிடித்தால் ஷாப்டை லேசாக அசைத்துக் கொடுங்கள், பல்லுக்குப் பல் சேர்ந்து விழுந்துவிடும். இப்போது ஷாப்ட் கொஞ்சம் ஆட்டம் காட்டலாம், சுற்றவே கூடாது. சுற்றினால் கோளாறு லீவர் பக்கம் அல்லது பெட்டிக்குள். எங்கள் வண்டியில் இறுகி நின்றது. அப்பவே பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்து ஹப். லீவர் ஃபோர் வீலிலேயே இருக்கட்டும். இரண்டு ஹப்பையும் லாக்கில் திருகி, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. இன்ஜினையும் போடக் கூடாது, வண்டி தாவிவிடும். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சுற்றவே இல்லை என்றால் இரண்டு ஹப்பும் நன்றாகப் பிடிக்கின்றன. கனமாக, ஹவுசிங்கில் பல் உரசும் சத்தத்தோடு சுற்றினால் இந்த ஹப் நல்லது, எதிர்ப்பக்க ஹப் கெட்டது. ஃப்ரீயில் சுற்றுவது போலவே லேசாகச் சுற்றினால் கெட்டது இதுதான். எனக்கு இடது பக்கம் கனமாகச் சுற்றியது, வலது பக்கம் காற்றாடி போலச் சுற்றியது.

எங்கள் வண்டியின் ஹப் மூடியில் ஆறு போல்ட். கழற்றியதும் துருத் தண்ணீர் ஒரு கரண்டி அளவு வழிந்தது. உள்ளே கிரீஸ் காய்ந்த கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகி, பூட்டுகிற வளையம் பாதி வழியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. ஹப் மேலே திருகுகிற டயல் லாக் என்று காட்டினாலும், வளையத்தைத் தள்ளுகிற ஸ்பிரிங்கால் அதை நகர்த்த முடியவில்லை. ஆக்ஸில் நுனியில் இருக்கும் சர்க்ளிப் என்கிற வில் வளையத்தை எடுக்கும்போது மேலே ஒரு துணியைப் போட்டுப் பிடியுங்கள். தெறித்து மண்ணில் விழுந்தால் தேடியே பொழுது போய்விடும்.

கழற்றின வரிசையிலேயே சாமானைச் சாக்கில் அடுக்கி, ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். டீசலில் ஊற வைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்ததும் பித்தளை நிறம் வெளியே வந்தது. வளையத்தின் பல்லை நகத்தால் தடவிப் பாருங்கள். விளிம்பு கூராக இருந்தால் ஓடும். மழுங்கி உருண்டிருந்தால் இழுக்கும்போது நழுவும், மாற்றத்தான் வேண்டும். எனக்குப் பல் நன்றாக இருந்தது. ஸ்பிரிங் மட்டும் துரு ஏறி ஒரு சுற்று மெலிந்திருந்தது. கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடையில் அதே அளவில் கிடைத்தது.

மாட்டும்போது கிரீஸை விரலால் மெல்லிசாகப் பூசினால் போதும். பேரிங்குக்கு அடைப்பது போல ஹப்பிலும் அடைத்தால் வளையம் நகராது. முன்பு நான் அப்படி அடைத்ததும் இந்தக் கோளாறுக்கு ஒரு காரணம். புது ஓ ரிங் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். டயலைக் கையால் மட்டும் திருகுங்கள். இறுக்கமாக இருந்தால் சக்கரத்தை அசைத்துக் கொடுங்கள், பிளையரால் திருகினால் டயல் உடையும்.

லீவர் பக்கம் கோளாறு என்றால் முதலில் கேபினுக்கு அடியில் இருக்கும் ராடைப் பாருங்கள். சேறு காய்ந்து ராடின் மூட்டு ஊசியும் (பின்) புஷ்ஷும் இறுகியிருந்தால் லீவர் முழுசாகப் போகாது, ஏற்றத்தில் தெறித்து வெளியே வந்துவிடும். கழுவி எண்ணெய் விட்டு, தேய்ந்த புஷ்ஷை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். அப்புறமும் தெறித்தால், பல வண்டிகளில் பெட்டிக்கு வெளியே ஒரு போல்ட்டுக்குள் குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். அந்த ஸ்பிரிங்கை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பெட்டிக்குள் பல்லை நகர்த்துகிற ஃபோர்க் தேய்ந்திருக்கலாம். அப்போது பட்டறைக்குப் போவதுதான் சரி.

தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டிய பிறகு லீவர் சிக்கிக்கொண்டால் அது கோளாறே அல்ல. வளைவில் முன் சக்கரம் கூடுதல் தூரம் ஓடும், பின் சக்கரம் குறைவாக ஓடும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டியிருப்பதால் முறுக்கு ஏறி நிற்கிறது. நேராகக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்தால் விடும். முன்னால் மொட்டை டயர், பின்னால் புது டயர் போட்டாலும் இதே தொல்லை வரும்.

கடைசியாகப் பெட்டியிலும் ஹவுசிங்கிலும் இருக்கும் ஆயில். நிரப்புகிற பிளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள், அது வரும் என்று தெரிந்த பிறகே கீழ் பிளக்கைத் தொடுங்கள். மேல் பிளக் மாட்டிக்கொண்டால் ஆயில் இல்லாத பெட்டியோடு நிற்க வேண்டியதுதான். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான ஹவுசிங் பள்ளத்துத் தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கும். காற்று போய்வருகிற துளையான பிரீதர் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். எனக்கு முன் ஹவுசிங்கில் அப்படித்தான் வந்தது. பிரீதரைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்து, அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, இன்ஜின் ரூமில் மேலே கட்டிவிட்டேன்.

எல்லாம் முடிந்ததும் தண்ணீர் பாய்ச்சிய மஞ்சள் காட்டு வரப்போரம் வண்டியை இறக்கினேன். மகள் ஓட்டினாள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாலு சக்கரமும் சேற்றைப் பிடித்து ஏறிய பிறகு, ஹப் போல்ட் பன்னிரண்டையும் இன்னொரு முறை ஸ்பேனர் போட்டுப் பார்த்தோம். வலது பக்கத்தில் இரண்டு, கால் சுற்று இறங்கின.