வீட்டு ஸ்டுடியோவுக்கு எந்த ரெக்கார்டிங் மென்பொருள்?

முதலில் டிராக்குகளை, அதாவது தனித்தனியாகப் பதிவாகும் ஒலித் தடங்களை, எண்ணுங்கள். குரல், கோரஸ், கிட்டார், தபேலாவுக்கு இரண்டு மைக், கீபோர்டு என்று போட்டாலே ஆறு ஆகிவிடும். இலவசமான ப்ரோ டூல்ஸ் இன்ட்ரோவில் ஆடியோ டிராக் எட்டுதான். இன்னும் இரண்டு சேர்த்தாலே நிரம்பிவிடும். மேக் இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம், தொடங்க அதுவே போதும். விண்டோஸில் ரீப்பர்: 60 நாள் எந்த வசதியும் குறையாமல் ஓடும், வீட்டு உபயோக உரிமம் 60 டாலர். திரை கொஞ்சம் வறட்சியாக இருக்கும், பழகிவிடும்.

பாடும்போது ஹெட்போனில் குரல் தாமதமாகக் கேட்டால் உடனே மென்பொருளை மாற்றாதீர்கள். பெரும்பாலும் காரணம் டிரைவர், அதாவது ஒலிக்கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள். விண்டோஸில், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) நிறுவனமே தரும் ஏசியோ என்ற தாமதம் குறைந்த டிரைவரைத் தேர்ந்தெடுத்து, பஃபரை (கணினி ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவு) 128 சாம்பிளுக்குக் குறைத்துவிடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிசெகண்ட், உள்ளே வர, வெளியே போக என இருமுறை சேரும். டிரைவரின் சொந்தத் தாமதமும் கூடும். மிக்ஸிங்கில் பிளக்இன்கள் (எக்கோ போன்ற விளைவு தரும் துணை மென்பொருள்கள்) கூடி ஒலி 'பட் பட்' என்று வெடித்தால் பஃபரை 512 அல்லது 1024க்கு உயர்த்துங்கள்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி. பத்து டிராக், ஐந்து நிமிடப் பாட்டு என்றால் 430 எம்பி. நாலைந்து டேக் (மீண்டும் மீண்டும் பதிவு) எடுத்தால் 2 ஜிபி தொடும்.

வாங்கும் முன் ஒரு சோதனை: எல்லா டிராக்கையும் பூஜ்ஜியப் புள்ளியிலிருந்து (பாட்டின் ஒரே தொடக்கத்திலிருந்து) தனித்தனி வேவ் கோப்புகளாக ஒரே சொடுக்கில் எடுக்க முடிகிறதா? வேறு ஸ்டுடியோவுக்கு மிக்ஸிங் அனுப்பும்போது இது இல்லாவிட்டால் திண்டாட்டம்தான்.